என் அம்புக்குறி மேலால் போவது ஏன்

கடைசியாக நான் வேலை செய்த கொழும்பு அலுவலகத்தில் என் மேசையில் இரண்டு திரைகள் இருந்தன. ஒன்று இடப்பக்கம், மற்றது வலப்பக்கம். எல்லோருடைய மேசையும் அப்படித்தான். மற்றவர்கள் மவுஸை வலப்பக்கம் தள்ளினால் அம்புக்குறி வலத் திரைக்குப் போகும். என்னுடையது போகாது. விளிம்பில் முட்டி நிற்கும். அதை மேலே தள்ள வேண்டும். இடத் திரையின் உச்சியால் வெளியேறி, வலத் திரையின் அடியில் வந்து முளைக்கும். அவசரத்துக்கு என் கதிரையில் குந்தியவர்கள் எல்லோரும் திட்டியிருக்கிறார்கள்.

"அன்ரி, உங்கடை மெஷினுக்கு விசர்."

"மெஷினுக்கு இல்லை. எனக்கு. எழும்பு கதிரையாலை."

இருபது வருடத்துக்கு மேல் இதே பதில்தான். ஓய்வு பெறும் நாளில் கேக் வெட்டும்போதும் கேட்டார்கள். ஏன் அன்ரி, ஒருக்காச் சொல்லிவிட்டுப் போங்கோ என்றார்கள். கேக்கைத் தின்றுகொண்டு கேட்கிற கதை இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியிருக்கிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை நடந்த மாதிரி எழுதத் தெரியும். அதைப் பழக்கியவரைப் பற்றியும் இதில் வரும்.

நான் நாரந்தனையில் பிறந்தவள். உயர்தரம் முடித்துத் தட்டெழுத்துப் படித்தேன். விசையைப் பார்க்காதே, தாளைப் பார்க்காதே, பிரதியை மட்டும் பார் என்று விரல் கணுவில் அடித்து அடித்துப் படிப்பித்தார்கள். அந்த அடியால்தான் பிற்காலத்தில் அந்தப் பெரிய பிழை நடந்தது. படிப்பித்தவர்களை நான் குறை சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன். மூன்று வருடம் அங்கேயும் இங்கேயும் கடிதம் தட்டினேன். பயிற்சிக்காலம் என்று சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

எண்பத்தொன்பதில், சண்டைகளுக்கு நடுவே சனம் கொஞ்சம் மூச்சு விட்ட காலத்தில், ஊர்காவற்றுறையில் ஒரு கடல் அளவைத் திட்டம் வந்தது. வெளிநாட்டு உதவி. நெடுந்தீவுக்கும் நயினாதீவுக்கும் ஆட்களை ஏற்றிப் போகிற லோஞ்சுப் படகுகள் பாறையிலும் மணல் திட்டிலும் படாமல் போக ஒரு நேர்ப்பாதை பிடிக்க வேண்டும். அதற்குக் கடலின் ஆழத்தை அளந்து வரைபடம் போட வேண்டும். கரையோரம் ஒரு பழைய பண்டகசாலையை வெள்ளையடித்து அலுவலகம் ஆக்கினார்கள். பின்னால் ஜெனரேற்றர். உள்ளே ஒரு கணினி. அந்த நாளில் தீவுப்பகுதியில் கணினியைப் படத்தில் கண்டவர்களே குறைவு. எனக்கு அந்த வேலை கிடைத்தது நான் கெட்டிக்காரி என்பதால் இல்லை. வேகமாகத் தட்டுவேன். ஊரிலேயே இருந்தேன். அவ்வளவுதான்.

ஒரு வெள்ளைக்காரர் வந்து இரண்டு வாரம் சொல்லித் தந்தார். ஒரு தடித்த ஆங்கிலக் கையேட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். பிறகு வரவே இல்லை.

அந்தக் கணினிக்கு இரண்டு திரைகள் இருந்தன. இப்போதைய மெல்லிய திரைகள் இல்லை. ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆம்பிளைகள் வேண்டும். இடப்பக்கம் கறுப்பு வெள்ளைத் திரை. அதில் எண்கள் தட்டுகிற கட்டம். வலப்பக்கம் நிறத் திரை. அதில் கடலின் வரைபடம், ஒவ்வொரு புள்ளியிலும் ஆழம் எழுதியபடி. இரண்டுக்கும் ஒரே மவுஸ், ஒரே விசைப்பலகை. அம்பு கறுப்பு வெள்ளைத் திரையின் வல விளிம்பைக் கடந்தால் நிறத் திரைக்குள் போய்விடும். அம்பு எந்தக் கட்டத்துக்கு மேல் நிற்கிறதோ அந்தக் கட்டத்துக்குள்தான் நான் தட்டுகிற எழுத்து விழும். அழுத்தத் தேவையில்லை. நின்றாலே போதும். இது வசதி என்றார் வெள்ளைக்காரர். ஓம், நல்ல வசதி.

மவுஸும் இப்போதைய மவுஸ் இல்லை. கண்ணாடி போல மினுங்குகிற ஒரு உலோகத் தட்டின் மேல்தான் அது ஓடும். தட்டில் நெருக்கமாகக் கோடுகள். தட்டில் உப்புப் படிந்தாலும் கை வியர்வை பட்டாலும் அம்பு துள்ளும். கடற்கரையில் உப்புப் படியாத பொருள் எது? வெள்ளைக்காரர் போகும்போது விரலை நீட்டி நீட்டிச் சொன்ன கடைசிச் சொல், தூசியும் உப்பும் படவிடாதே என்பதுதான்.

எங்கள் பொறியியலாளர் குணசீலன் சேர். ஐம்பது வயது இருக்கும். பையில் ஒரு நீலப் பேனை, ஒரு சிவப்புப் பேனை. சத்தம் போட்டதே இல்லை. மவுஸைத் தொட்டதும் இல்லை. ஒரு அடி மர அளவுகோலைக் கையில் வைத்திருப்பார். அதன் நுனியால் நிறத் திரையின் கண்ணாடியில் டிக் என்று தட்டி ஒரு புள்ளியைக் காட்டுவார். நான் அம்பை அங்கே கொண்டுபோய் அழுத்த வேண்டும். அடுத்த டிக். அடுத்த அழுத்தல். நாள் முழுக்க அவர் அளவுகோல், நான் கை.

அவருக்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. எது நடந்தாலும் "எழுதிப் போடும்" என்பார். ஜெனரேற்றர் நின்றதா, எழுதிப் போடும். பிந்தி வந்தீரா, ஏன் என்று எழுதிப் போடும். அதற்கென்று தடித்த மட்டை போட்ட ஒரு பதிவுப் புத்தகம், சீ.ஆர். கொப்பி. ஒருநாள் கூரையிலிருந்து ஒரு பல்லி விசைப்பலகையில் விழுந்தது. நான் கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எத்தினை மணிக்கு விழுந்தது?"

"பல்லியோ சேர்?"

"ஓம். நேரத்தோடை எழுதிப் போடும்."

எழுதினேன். ஆத்திரத்தில் பல்லி உயிரோடு போனது என்பதையும் சேர்த்து எழுதினேன். பின்னேரம் பார்த்தால் பக்கத்தில் சிவப்புப் பேனையால் சரி போட்டிருந்தார்.

வேலை நடக்கும் விதம் இப்படி. காலையில் படகு போகும். கடலில் இறங்க ஒவ்வொரு நாளும் படை முகாமில் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். அந்தக் கரைச்சலைத் தனியாக எழுதலாம், எழுதப்போவதில்லை. படகில் ஆழம் பார்க்கும் கருவி ஒரு நீளச் சுருள் தாளில் கடலடியைக் கோடாகக் கீறிக்கொண்டு போகும். பள்ளம் வந்தால் கோடு இறங்கும், பாறை வந்தால் ஏறும். இடம் பார்த்த ஒவ்வொரு முறையும் சுருளில் ஒரு இலக்கம் போடுவார்கள். சுருள் என்னிடம் வரும். ஒவ்வொரு இலக்கத்திலும் ஆழத்தை வாசித்து, அந்த நேரத்துக் கடல் எவ்வளவு பெருகியிருந்தது என்று பார்த்து அதைக் கழித்து, இடத் திரையில் தட்டுவேன். பின்னேரம் அந்த எண்கள் வரைபடத்துக்கு ஏறும். அதன் பிறகு வரைபடத்தில் சேர் செய்யச் சொல்லும் திருத்தங்கள் வரைபடத்திலேயே நிற்கும். ஒரு புள்ளியை அழுத்திவிட்டு ஒரு எண்ணைத் தட்டினால் பழைய ஆழம் போய்ப் புதிய ஆழம் வந்துவிடும்.

இனி என் கெட்டித்தனத்தைச் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு ரேடியோ வந்தால் முதல் வேலை அதற்கு ரேந்தைத் துணி பின்னிப் போடுவது. பிறகு ரீவிக்கு, பிறகு கதிரைச் சாய்மானத்துக்கு. ஊசியும் நூலும் கொண்டு பூப்பூவாகப் பின்னி, கஞ்சி போட்டு விறைக்க வைத்து விரிப்போம். விலை கூடிய பொருளை மூடாமல் விடுகிறவளை எங்கள் ஊரில் வீடு நடத்தத் தெரியாதவள் என்பார்கள். உப்புப் படவிடாதே என்று வெள்ளைக்காரர் சொன்னார். பாவிக்காத நேரம் மூடி வையும் என்று சேரும் சொன்னார். நான் பின்னினேன். இரண்டு திரைகளுக்கும் முன்பக்கம் திரைச்சீலை போலத் தொங்குகிற மாதிரி இரண்டு. மவுஸுக்கும் தட்டுக்கும் சேர்த்து ஒரு சின்னது, மூலையில் நான்கு பாசிமணி வைத்து. சேர் பார்த்துவிட்டு, "வடிவாக் கிடக்கு" என்றார். அவர் வாயால் அப்படி ஒரு சொல் வந்தது அந்த ஒரே தடவைதான்.

எண் தட்டும்போது எனக்கு நிறத் திரை வேண்டாம். ஆகவே அதை மூடுவேன். மவுஸும் வேண்டாம், இரண்டு கையும் விசையில். ஆகவே அதையும் மூடுவேன். கண் சுருளில். விரல் தானாக ஓடும்.

மரியாம்பிள்ளை அண்ணையைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். நெடுந்தீவு லோஞ்சின் தண்டையல். சுக்கான் பிடிக்கத் தொடங்கி முப்பது வருடம் என்பார்கள். மெலிந்த மனிதர், தலையில் எப்போதும் ஒரு துவாய். திட்டம் வரைந்த நேர்ப்பாதைக்குக் கடலில் கம்புகள் நட்டாயிற்று. ஒரு வெள்ளோட்டம் பார்க்க வேண்டும். பயணிகள் இல்லாமல் அவருடைய லோஞ்சைக் கேட்டார்கள். சேரும் ஏறினார். அன்று நான் அலுவலகத்தில். நடந்ததை இரண்டு பேர் வாயாலும் பிறகு கேட்டேன். இரண்டு பேரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள். அதனால் நம்புகிறேன்.

பாதி வழியில் அண்ணை இயந்திரத்தைக் குறைத்திருக்கிறார்.

"சேர், உந்தக் கம்புக்கு நேராப் போனால் சட்டிக்கல் கிடக்கு. நாங்கள் உதாலை போறேல்லை. சுத்தித்தான் போறனாங்கள்."

சட்டிக்கல் என்பது கவிழ்த்து வைத்த சட்டி மாதிரி ஒரு பாறை. கடல் வற்றுகிற நேரத்தில்கூட மேலே தெரிவது அபூர்வம். சேர் வரைபடத்தை விரித்திருக்கிறார். அந்தப் புள்ளியில் மூன்று தசம் நான்கு மீற்றர். லோஞ்சுக்கு அதில் பாதி இருந்தாலே போதும்.

"இதிலை மூண்டு தசம் நாலு இருக்கு. உம்மடை கல்லு வேறை எங்கையோ கிடக்கும். நேரா விடும்."

"சேர் சொல்லுறியள். விடுறன்."

மெதுவாகத்தான் விட்டிருக்கிறார். அதனால்தான் ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. கல்லில் அடிபட்டு, லோஞ்சின் அடியில் சுழலும் காற்றாடி நெளிந்து சுக்கான் உடைந்தது. இன்னொரு படகு வந்து கட்டி இழுத்தது.

சேர் அறிக்கை எழுதினார். அவர் பொய் சொல்கிற மனிதர் இல்லை. அவர் கணக்கு இப்படி: வரைபடத்தில் பாதை முழுக்க ஆழம் இருக்கிறது, லோஞ்ச் அடிபட்டிருக்கிறது, ஆகவே லோஞ்ச் பாதையை விட்டு விலகியிருக்க வேண்டும். அப்படியே எழுதினார். இறங்குதுறைக்குப் பொறுப்பானவர்கள் அண்ணையின் தண்டையல் பத்திரத்தை வாங்கி வைத்துவிட்டார்கள். இரண்டு வாரத்தில் விசாரணை. அதில் பிழை என்று வந்தால் இனிச் சுக்கான் பிடிக்க முடியாது.

மூன்றாம் நாள் காலை அவர் அலுவலகத்துக்கு வந்தார். செருப்பை வாசலில் கழற்றினார். சேர் படகில் போயிருந்தார். நான் தனியாகத் தட்டிக்கொண்டிருந்தேன்.

"பிள்ளை, ஒரு கதை கேக்கலாமோ?"

"கேளுங்கோ அண்ணை. வேலை கிடக்கு."

"உந்தப் பெட்டி பொய் சொல்லுமோ?"

எனக்குச் சுருக்கென்று வந்தது. "பெட்டி பொய் சொல்லாது அண்ணை. ஆக்கள்தான் சொல்லுவினம்."

அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும். துவாயை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சரி பிள்ளை. பத்திரம் போனால் போகட்டும். நெடுந்தீவிலை சின்னன் பொடியளுக்கும் சட்டிக்கல் எங்கை எண்டு தெரியும். மரியாம்பிள்ளைக்குத் தெரியேல்லையாம் எண்டு சிரிக்கிறாங்கள். நான் அதைத் தெரிஞ்சுகொண்டுதான் விட்டனான். அதை எப்பிடிச் சொல்லுறது?"

நான் அடுத்த எண்ணைத் தட்டினேன்.

"அந்தச் சுருளிலை கீறினதை ஒருக்காப் பாரும். அவ்வளவுதான். உதை அளந்த அண்டைக்கும் படகு ஓட்டினது நான்தானே. சட்டிக்கல்லின்ரை உச்சியிலை முட்டாமல் அதின்ரை சரிவுக்கு மேலாலை நானே கொண்டுபோய்க் காட்டினனான். இலக்கம் போட்டவங்கள்."

"நேரம் இல்லை அண்ணை" என்றேன். அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு போனார். இதை எழுதும்போதும் என் காதைத் திருக வேண்டும் போல் இருக்கிறது.

அடுத்த நாள் காலை, சேர் வருவதற்கு முதல், சுருள்களை வைக்கிற அலுமாரியைத் திறந்தேன். அண்ணையில் இரக்கப்பட்டு இல்லை. அவர் பிழை என்று காட்டத்தான். லோஞ்ச் அடிபட்ட புள்ளி, இலக்கம் இருநூற்றுப் பதினாலு. சுருளில் கடலடிக் கோடு சமனாக வந்து, திடீரென்று பெருவிரல் மாதிரி எழும்பி, திரும்ப இறங்கியது. வாசித்தேன். கழித்தேன். ஒன்று தசம் இரண்டு.

இடத் திரையில் என் பதிவைப் பார்த்தேன். ஒன்று தசம் இரண்டு. நான் சரியாகத்தான் தட்டியிருக்கிறேன்.

நிறத் திரையின் துணியை விலக்கி வரைபடத்தைப் பார்த்தேன். மூன்று தசம் நான்கு.

யார் மாற்றியது? மவுஸைத் தொடுகிறவள் அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான்.

சீ.ஆர். கொப்பியை எடுத்தேன். பக்கம் பக்கமாகப் புரட்டினேன். வெள்ளோட்டத்துக்கு மூன்று கிழமைக்கு முந்திய ஒரு பக்கத்தில் என் கையெழுத்தில் மூன்று வரி இருந்தது. "10.15. இலக்கம் 214 ஏன் ஆழம் குறைவு என்று சேர் கேட்டார். சுருளோடு ஒப்பிட்டேன். சரி." அதற்குக் கீழே, "10.40. மெஷின் சிக்கியது. தட்டிய எண்கள் விழவில்லை." அதற்கும் கீழே, "10.45. மெஷின் சரி. எண்களைத் திரும்பத் தட்டினேன்."

அன்றைய சுருளை எடுத்தேன். பத்து நாற்பதுக்கு நான் தட்டிக்கொண்டிருந்த வரிசையின் கடைசி எண் எது? மூன்று தசம் நான்கு.

எண் தெரிந்துவிட்டது. எப்படி என்பதுதான் தெரியவில்லை. கதிரையில் இருந்தேன். அன்று செய்ததை ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். அளவுகோல் டிக் என்று காட்டிய இடத்தில் இருநூற்றுப் பதினாலை அழுத்தினேன். அம்பை இடத் திரைக்குக் கொண்டுவந்து, எண் தட்டுகிற கட்டத்தின் மேல் நிறுத்தினேன். நிறத் திரையை மூடினேன். மவுஸுக்கு மேல் சின்னத் துணியை விரித்தேன். கஞ்சி போட்ட துணி சுருக்கமாகக் கிடந்தது. சுருக்கம் கிடந்தால் எனக்குப் பிடிக்காது. பாசிமணி மூலையைப் பிடித்து வலப்பக்கமாக இழுத்துச் சரி பார்த்தேன்.

துணியோடு மவுஸும் நகர்ந்தது.

இடத் திரையில் அம்பு இல்லை.

நிறத் திரையின் துணியைத் தூக்கினேன். அம்பு அங்கே, கடலுக்கு நடுவில் நின்றது. அதில்தான் நான் அன்று தட்டியிருக்கிறேன். மூடிய திரைக்குள், கடைசியாக நான் அழுத்தி விட்டிருந்த இருநூற்றுப் பதினாலில், ஒவ்வொரு எண்ணும் சட்டிக்கல்லின் மேல் விழுந்து, முந்தியதை அழித்து, கடைசியாக மூன்று தசம் நான்கில் நின்றிருக்கிறது. பிறகு நான் நிமிர்ந்து பார்த்து, இடத் திரையில் ஒன்றும் இல்லை என்று கண்டு, மெஷினுக்கு ஒரு அடி போட்டு, துணியை எடுத்து மவுஸை ஆட்டியிருக்கிறேன். அம்பு திரும்ப வந்திருக்கிறது. மெஷின் சரி என்று எழுதியிருக்கிறேன். என்ன ஒரு புத்தி.

சேர் வந்தார். சொன்னேன். கொப்பி, சுருள், துணி மூன்றையும் மேசையில் வைத்தேன். அவர் கொப்பியை வாசித்தார். சுருளில் அந்தப் பெருவிரலை அளவுகோலால் அளந்தார். துணியைத் தொடவில்லை.

"எழுதிப் போடும்" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. எழுதிப் போட்டு, அதை விசாரணையில் கொடுத்து, பழியை என் தலையில் கட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"எழுதுறன் சேர். ஆனா ஒண்டு கேக்கிறன். எண் மாறின அடுத்த நாள் நீங்கள் வரைபடம் பாத்தனீங்கள். ஒண்டு தசம் ரெண்டு இருந்த இடத்திலை மூண்டு தசம் நாலு நிக்குது. கண்டனீங்களோ இல்லையோ?"

"கண்டனான்."

"பிறகேன் கேக்கேல்லை? பல்லி விழுந்தா நேரம் கேக்கிறனீங்கள். உதை ஏன் கேக்கேல்லை?"

அளவுகோலை மேசையில் வைத்தார். "நீர் சுருளைப் பாத்துத் திருத்தினீர் எண்டு நினைச்சன். பாதை நேரா வரவேணும் எண்டு எனக்கும் விருப்பம். விருப்பமான எண் வந்திது. கேக்கேல்லை."

நான் கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன்.

விசாரணைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். எங்கள் பண்டகசாலையிலேயே வைத்தார்கள். அண்ணை வெள்ளை வேட்டியும் தோய்த்து மினுக்கிய சேர்ட்டும் போட்டு வந்திருந்தார். தலையில் துவாய் இல்லை. துவாய் இல்லாமல் அவரை அன்றுதான் கண்டேன். கதிரை கொடுத்தும் இருக்கவில்லை.

நான் எழுதியதைச் சேர் வாசித்தார். அதிகாரிக்கு விளங்கவில்லை. "துணியாலை எப்பிடி எண் மாறும்? விளையாடுறீரோ?" என்று என்னைக் கேட்டார். செய்து காட்டினேன். இருநூற்றுப் பதினாலை அழுத்தினேன், துணியை விரித்தேன், மூலையை இழுத்தேன், சுருளைப் பார்த்துக்கொண்டு பத்து எண் தட்டினேன். "இப்ப அந்தப் பெரிய துணியைத் தூக்குங்கோ" என்றேன். அதிகாரியே எழும்பித் தூக்கினார். சட்டிக்கல்லின் ஆழம் அவருடைய கண்ணுக்கு முன்னால் வேறாக நின்றது.

அவர் சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். ரேந்தையால் ஒரு லோஞ்சைக் கவிட்ட முதல் பொம்பிளை நீர்தான் என்றார் ஒருவர். எனக்கு அவருடைய வாயில் துணியை அடைக்க வேண்டும் போல் இருந்தது.

அண்ணை மட்டும் சிரிக்கவில்லை. கிட்ட வந்து துணியைப் பார்த்தார்.

"உது நீர் பின்னினதோ பிள்ளை?"

"ஓம் அண்ணை."

"நல்ல கைவேலை" என்றார். பகிடியாகச் சொல்லவில்லை.

அப்போது சேர் எழும்பித் தன் பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தார். நீலப் பேனையால் அவர் எழுதியது. எண் மாறியதைத் தான் கண்டதாகவும், கேட்காமல் விட்டது தன் பிழை என்றும், தண்டையல் முன்கூட்டியே எச்சரித்தார் என்றும், பாதையை விட்டு அவர் விலகவில்லை என்றும் இருந்தது. முதல் அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகக் கையெழுத்து. அவர் அதை எழுதியது எனக்குத் தெரியாது. அந்தத் தாளைக் கொடுக்கும்போதும் அவர் குரல் மாறவில்லை. அண்ணையின் பத்திரம் அன்றே கைக்கு வந்தது. அவர் அதைத் திறந்து பார்த்து, மடித்து, சேர்ட்டுப் பைக்குள் வைத்து, பைக்கு மேல் கையை வைத்தபடியே வெளியே போனார்.

எனக்கு வேலை போகவில்லை. போயிருந்தாலும் நியாயம்தான்.

அடுத்த நாள் சேர் கேட்டார். "அந்த அம்பு கேக்காமல் அங்காலை போறதை நிப்பாட்ட ஏலுமோ?"

அந்தத் தடித்த கையேட்டை அப்போதுதான் நான் ஒழுங்காக வாசித்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்து நான்கு நாள். எந்தத் திரை எந்தத் திரைக்கு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று மெஷினுக்குத் தெரியாது. நாங்கள்தான் சொல்ல வேண்டும். மெஷின் தொடங்கும்போது வாசிக்கிற கோப்பில் அதற்கென ஒரு வரி இருந்தது. வெள்ளைக்காரர் எழுதியது. நிறத் திரை வலப்பக்கம் என்று.

முதலில் அந்த வரியை அழித்தேன். அம்பு ஒரே திரைக்குள் அடைபட்டது. நிறத் திரைக்குப் போக வழியே இல்லை. அளவுகோல் அந்தரத்தில் நின்றது. அடுத்ததாகப் போக மட்டும் வழி விட்டுப் பார்த்தேன். அம்பு போனது, திரும்பி வரவில்லை. மெஷினை நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. இரண்டையும் கொப்பியில் எழுதினேன்.

மூன்றாவதாக, நிறத் திரை வலப்பக்கம் இல்லை, மேலே இருக்கிறது என்று எழுதினேன். மெஷின் நம்பியது. அதன் பிறகு பக்கவாட்டில் எவ்வளவு இழுத்தாலும் அம்பு விளிம்பில் முட்டி நின்றது. அங்காலே போக வேண்டுமென்றால் மவுஸை முன்னுக்குத் தள்ளி, உச்சி வரைக்கும் கொண்டுபோய், அதையும் தாண்டித் தள்ள வேண்டும். துணி அதைச் செய்யாது. மனிசர் நினைத்தால்தான் செய்யலாம். அதோடு இன்னொன்றும் மாற்றினேன். அம்பு நிற்கிற இடத்தில் எழுத்து விழுகிற வசதியை நிறுத்தினேன். அழுத்திய இடத்தில்தான் இனி விழும். ஒரு அழுத்தல் கூடுதல் வேலை. இருக்கட்டும்.

மவுஸின் துணியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அன்று பின்னேரம் கொப்பியைத் திறந்தபோது, நான் எழுதிய மூன்று முயற்சிக்கும் பக்கத்தில் மூன்று சிவப்புச் சரி இருந்தது.

பாதையை மாற்றினார்கள். கம்புகளைப் பிடுங்கி, அண்ணை முப்பது வருடமாகச் சுற்றிப்போன அதே வளைவில் நட்டார்கள். நேர்ப்பாதை என்று வந்த திட்டம் அந்த இடத்தில் மட்டும் ஒரு வளைவோடு முடிந்தது.

தொண்ணூறில் எல்லாம் குலைந்தது. திட்டம் மூடப்பட்டது. சேர் வெளிநாட்டில் பிள்ளைகளிடம் போய், அங்கே இறந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். அந்தக் கணினிக்கு என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது. பண்டகசாலைக்குக் கூரை இல்லை என்று கண்டவர்கள் சொன்னார்கள். நாங்கள் ஊரை விட்டோம். நான் கொழும்புக்கு வந்தேன். மெஷின்கள் மாறின, திரைகள் மெலிந்தன. நான் இருந்த ஒவ்வொரு மேசையிலும் முதல் வேலையாக வலப்பக்கத் திரையை மேலே இருக்கிறதென்று சொல்லி வைத்தேன்.

அந்த ஊர்காவற்றுறை அலுவலகம் மூடுகிற கிழமையில் ஒருநாள், நெடுந்தீவு இறங்குதுறையில் வைத்திருந்த நீர்மட்டப் பதிவுகளை எடுத்து வரச் சேர் என்னை அனுப்பினார். அத்தனை நாள் அந்தக் கடலை நான் எண்ணாகத் தட்டியிருக்கிறேன். அதன் மேல் போனது அதுதான் முதல் தடவை. காலை வெயில். கடல் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. பயணிகள் பெட்டியும் கோழியுமாக இருந்தார்கள். மரியாம்பிள்ளை அண்ணை சுக்கானில். தலையில் துவாய்.

"வாரும் பிள்ளை, இஞ்சாலை வந்து நில்லும்" என்று பக்கத்தில் கூப்பிட்டார்.

அன்று என்றைக்கும் இல்லாத வற்று. பாதி வழியில் லோஞ்ச் மெல்ல வளையத் தொடங்கியது. அண்ணை சுக்கானை விடாமல் நாடியை நீட்டிக் காட்டினார். தண்ணீருக்கு மேல் ஒரு சாண் அளவுக்குக் கறுப்பாக ஒன்று தெரிந்தது. கவிழ்த்து வைத்த சட்டிதான். அதன் மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயப் போட்டபடி நின்றது.

"பாரும்" என்றார் அண்ணை. "உம்மடை மூண்டு தசம் நாலிலை காகம் நிக்குது. காலும் நனையேல்லை."

அவர் சிரித்தார். விசாரணையில் சிரிக்காத மனிதர், அன்று துவாய் அவிழ்ந்து விழும்வரை சிரித்தார். நானும் சிரித்தேன். லோஞ்ச் அந்தக் கல்லைச் சுற்றிக்கொண்டு போனது.